மூன்றாம் வாசிப்புக்குப் பிறகு

மலேசியாவில், யோங் பெங் ஊரில் டயர் கடை வைத்திருக்கும் லெட்சுமணனிடம் பஞ்சர் ஒட்டப் போகிறவர்கள் நாடாளுமன்றத்தைப் பற்றியும் கேட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். மக்களவை கூடும் நாட்களில் கைப்பேசியைக் காற்றடிக்கும் இயந்திரத்தின் மேல் சாய்த்து வைத்து நேரலை பார்ப்பார். முதல் வாசிப்பில் மசோதாவின் பெயரைச் சொல்வார்கள், இரண்டாம் வாசிப்பில் அடித்துக்கொள்வார்கள், மூன்றாம் வாசிப்பு முடிந்தால் கதை முடிந்தது என்று டயரைக் கழற்றியபடியே பாடம் நடத்துவார். வண்டி ஜாக்கி மேல் நிற்கும்போது யார்தான் எழுந்து போக முடியும்?

அந்த ஒரு மசோதாவுக்கு மட்டும் அவர் வாய் பேசவில்லை, கண் கொட்டாமல் பார்த்தார். காரணம் அவருடைய மகள் லோஷினி. அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை. புருஷன் திவாகரனுக்கும் அங்கேதான், சொந்த ஊர் திருச்சிப் பக்கம், இந்தியப் பிரஜை. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசிய அப்பா வழியாகக் குடியுரிமை உண்டு, மலேசிய அம்மா வழியாகக் கிடையாது என்பதுதான் அதுவரை இருந்த விதி. அதனால் முழுகாமல் இருந்த லோஷினி ஏழாம் மாதமே ஊருக்கு வந்து, பக்கத்துக் குளுவாங் ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள்வதாக ஏற்பாடு. பிறகு பிள்ளை பாட்டியிடம், லெட்சுமணனின் மனைவி ராஜம்மாவிடம் வளரும், அவள் வேலைக்குத் திரும்புவாள். மசோதா அந்த விதியைத்தான் மாற்றப் போகிறது.

மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் மசோதா நிறைவேறியதும் லெட்சுமணன் கடையில் இருந்த எல்லாருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தார். லாரி வைத்திருக்கும் காளியப்பன் இரண்டு கிளாஸ் குடித்தார். உடனே மகளுக்குப் போன் போனது.

"நீ அங்கயே பெத்துக்கோ லா. அம்மா மலேசியான்னா பிள்ளையும் மலேசியா, இனிமே அதான் சட்டம். வயித்தத் தூக்கிக்கிட்டு எல்லைப் பாலத்து ஜாம்ல எதுக்கு நிக்கணும்?"

"கண்டிப்பாவாப்பா?"

"மூணாவது வாசிப்பே முடிஞ்சிருச்சும்மா. என் கண்ணால பார்த்தேன்."

ராஜம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "சட்டம் வந்தா வந்துட்டுப் போகட்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான் ஆகணும்" என்றாள். அவள் சட்டம் தெரிந்து சொல்லவில்லை, வழக்கத்தைச் சொன்னாள். "நீ எந்தக் காலத்துல இருக்க?" என்று சிரித்து அவள் வாயை அடைத்துவிட்டார் லெட்சுமணன்.

பேத்தி அபர்ணா சிங்கப்பூரில் பிறந்தாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. குடியுரிமை விண்ணப்பம் பற்றி விசாரிக்கப் பத்து பஹாட் நகரத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். பதிவு அலுவலகத்தில் இருந்த மலாய்ப் பெண் அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"லுலுஸ் சுடா, பாக்சிக். தாப்பி பெலும் குவாட்குவாசா" என்றாள். நிறைவேறிவிட்டது, ஆனால் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

மக்களவைக்குப் பிறகு மேலவை, அதற்குப் பிறகு மாமன்னரின் ஒப்புதல், அரசிதழ். அதுவும் ஆன பிறகு எந்த நாளிலிருந்து என்று அறிவிக்க வேண்டும், அந்த நாள் இன்னும் வரவில்லை என்று விளக்கினாள். வந்தாலும் அதற்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்குத்தான். அபர்ணாவுக்குப் பழைய வழியில் விண்ணப்பிக்கலாம். வருஷக்கணக்கில் ஆகும், கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நேரலை முடிந்த இடத்தில் லெட்சுமணனின் சட்ட ஞானமும் முடிந்திருந்தது. யாராவது ஒருவரிடம் கேட்டிருக்கலாம். அவராவது, கேட்பதாவது?

போனில் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. லோஷினி பிள்ளையோடு வந்து இறங்கினாள். ராஜம்மா கூடத்தில் ஸ்பிரிங் தொட்டில் கட்டி வைத்திருந்தாள். குழந்தையின் இந்தியக் கடப்பிதழில் எல்லையில் குத்திய முத்திரை ஒரு மாதத்துக்கு. சுற்றுலா வந்தவர்களுக்குக் கொடுப்பது.

"மலேசியா பிறப்புப் பத்திரம், அந்த சூராட் பெரானாக், எப்பப்பா கிடைக்கும்? நான் வேலைக்குப் போகணும்ல" என்று கேட்டாள் லோஷினி.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த ராஜம்மாவின் கை நின்றது.

"ஏழாம் மாசமே பையக் கட்டி வச்சிருந்தேன்ப்பா" என்றாள் லோஷினி. "கார்ல ரெண்டு மணி நேரம். ரெண்டு மணி நேரம்தான்ப்பா."

ராஜம்மா அவரைத் திட்டியிருந்தால் தேவலை. "இன்னும் எத்தன வாசிப்பு முடிஞ்சா என் பேத்தி என் வீட்டுல தூங்கலாம்?" என்று மட்டும் கேட்டாள்.

முத்திரைக் கெடு முடிவதற்குள் லோஷினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் வேலையை விட்டாள். தொட்டிலை அவிழ்க்க ராஜம்மா விடவில்லை. கடையில் லெட்சுமணன் கைப்பேசியைத் தொடுவதில்லை, டயரோடு சரி.

அப்படி ஒரு நாள் காளியப்பன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருடைய கார் ஜாக்கி மேல் ஏறியது.

"என்னாண்ணே, இன்னிக்கு நாடாளுமன்றம் லீவா?"

லெட்சுமணன் நட்டைக் கழற்றினார்.

"சரி, ஒரு நல்ல சேதி. சிங்கப்பூர்ல இருக்காளே என் பொண்ணு, அவளுக்கு இப்ப எட்டு மாசம். மாப்பிள்ளைதான் வங்காளதேஷ்காரர் ஆச்சேன்னு அவ அம்மா ஒரே பயம். நான் சொல்லிட்டேன், அங்கயே பெத்துக்கட்டும், அதான் லெட்சுமணண்ணே பாஸாயிருச்சுன்னு சொன்னாரேன்னு."

லெட்சுமணன் கையிலிருந்த ஸ்பேனர் சிமெண்டுத் தரையில் விழுந்தது. தான் ஏமாந்ததை இந்த ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தார் இத்தனை நாள்.

"காளியப்பா, எந்திரி."

"என்னாண்ணே?"

"இன்னிக்கே போ. பொண்ண இங்க கூட்டிட்டு வந்துரு."

"சட்டம் வந்துருச்சுன்னு நீங்கதானண்ணே சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன். இன்னும் வரல." காளியப்பனின் கார் மூன்று சக்கரத்தோடு நின்றது. லெட்சுமணன் தன் கார் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தார். "என் பேத்திய நான் அங்கயே விட்டுட்டேன்ப்பா. நீ போ."