விருந்தாளி சொல்லட்டும்

அப்பாவின் மணிக்கட்டிலிருந்து விரலை எடுத்த நர்ஸ், கழுத்தோரம் வைத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து அவர் மூக்கருகே தன் கன்னத்தைக் கொண்டுபோனாள். கட்டிலின் மறுபக்கம் நின்ற பாப்பாவுக்கு அதற்குள் விளங்கிவிட்டது. ஆனாலும் யாராவது வாய்விட்டுச் சொல்லும்வரை எதுவும் நடக்கவில்லை என்று இருந்துவிடலாம் போலிருந்தது.

முப்பதைத் தாண்டியும் வீட்டில் அவள் பாப்பாதான். நர்ஸ், வெளியூரில் அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் தோழி. "லீவுக்கு எங்க வீட்டுக்கு வாயேன், எல்லாரையும் பார்க்கலாம்" என்று பாப்பா கூப்பிட்டதை நம்பி, அம்மாவுக்குப் பூப்போட்ட போர்வை ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். வந்து இறங்கியதிலிருந்து ஒவ்வொரு உறவாக அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனது. அத்தை தண்ணீர்த் தொட்டியருகே பிடித்துக்கொண்டாள். அண்ணன் மாடிப்படியில் மடக்கினான். "இன்னும் எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டுவிட்டு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று முடித்தார்கள்.

அது அப்படிப்பட்ட வீடு. கெட்ட செய்தி எதுவும் வீட்டார் வாயிலிருந்து நேராக வராது. தாத்தா இறந்ததை அம்மாவிடம் சொன்னது பால்காரர். அண்ணன் பரீட்சையில் கோட்டை விட்டதை அப்பாவிடம் போட்டு உடைத்தது பக்கத்து வீட்டுத் தையல்காரர். வெளி ஆள் சொன்னால் வீட்டில் யார் தலையும் உருளாது. அந்தப் பழக்கத்தில்தான் பாப்பாவும் இந்த முறை ஒரு வெளி ஆளைக் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

"போயிட்டார்" என்றாள் நர்ஸ் மெல்ல. அவர் கண்களை மூடிவிட்டு, துணியை நெஞ்சுவரை இழுத்துச் சரிசெய்தாள்.

பாப்பாவுக்கு அழுகை முட்டியது. அதற்கு முன்னால் பயம் வந்து நின்றது. "அம்மா சமையல்கட்டுல இருக்காங்க. நீ சொல்லேன். உனக்குப் பழக்கம்தானே."

நர்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்குத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தியா?"

பாப்பா அப்பாவின் கால்பக்கத் துணியை இழுத்துவிட்டாள்.

"லீவுக்கு வான்னு கூப்பிட்ட. டூட்டிக்குன்னு சொல்லியிருந்தா யூனிஃபார்ம் எடுத்துட்டு வந்திருப்பேன்." குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "யார் யாருக்கோ சொல்றவதான்டி நான். சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடுவேன். உங்கம்மா நேத்து என் தலையைப் பின்னி விட்டாங்க. என்னால முடியாது. நீ போ. நான் அப்பாகூட உட்கார்ந்திருக்கேன்."

சமையல்கட்டில் அம்மா கிண்ணத்தில் முட்டையை அடித்துக்கொண்டிருந்தாள். "உன் சிநேகிதி காலையிலிருந்து ஒண்ணுமே சாப்பிடலடி. லீவுக்கு வந்த பொண்ணைப் போய் சீக்காளிக்குக் காவல் வெச்சிருக்கீங்க. நம்மளைப் பத்தி என்ன நினைப்பா? அந்த உப்பை எடு."

பாப்பா உப்பை எடுத்துக் கொடுத்தாள். அத்தையாவது இந்தப் பக்கம் வரமாட்டாளா என்று வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

"அம்மா, அப்பா போயிட்டார்மா."

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மகளையே பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று பாப்பா நினைத்தாள். அம்மா ஈரக் கையாலேயே அவள் முகத்தைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இருவரும் சத்தமில்லாமல் அழுதார்கள். அந்த வீட்டில் அழுவதும் அப்படித்தான்.

"உன் சித்தப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா, சற்றுப் பொறுத்து.

"இல்லம்மா. அவர் இன்னும் வெறும் காய்ச்சல்னுதான் நினைச்சிட்டிருக்கார். தையல்காரரைக் கூப்பிடவா?"

"யாரும் வேணாம். நான் சொல்றேன்."

சித்தப்பா கூடத்து சன்னலோரம் உட்கார்ந்து அப்பாவின் செருப்பில் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். ஆலை இரைச்சலில் வருஷக்கணக்காக நின்று காதைத் தொலைத்தவர். அம்மா அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, செருப்பை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"தம்பி, உங்க அண்ணன் போயிட்டார்."

சித்தப்பா காதருகே கையைக் குவித்து, சிரித்தபடி, "என்ன அண்ணி?" என்றார்.

அம்மா அவர் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். காதோரம் வாயை வைத்து, அந்த வீட்டில் ஒருநாளும் உயர்த்தாத குரலை உயர்த்தி மறுபடி சொன்னாள். மாடிப்படியில் இறங்கிவந்த அண்ணனின் காலடி நின்றது. தெருவில் போய்க்கொண்டிருந்த யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்தார்.