எகிப்து தேவியின் இடுப்பு

ஆறு வருஷமாக அடுத்தவர் போட்ட பென்சில் கோட்டின் மேல் மை ஏற்றிக்கொண்டிருந்தவளுக்கு, முதல்முறையாக முழுக் கதையும் சொந்தமாக வரையக் கிடைத்தது. பயங்கரக் கதைகள் மட்டுமே போடும் அந்தக் காமிக்ஸ் அலுவலகத்தில் அவளை எல்லோரும் மைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். இனி முதல் பக்கத்தில் தன் பெயர் வரும் என்று வீட்டில் தலைகால் புரியாமல் ஆடினாள்.

கதையைப் படித்ததும் ஆட்டம் நின்றது. எகிப்து தேவி ஒருத்தி கல்லறையிலிருந்து எழுந்து வருகிறாள். உடம்பில் துணி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அகழ்வாராய்ச்சிக்கு வந்த வாலிபர்களை மயக்கி, ஆளுக்குப் பதினாலு துண்டாக வெட்டுகிறாள். கடைசியில் அவளை எரித்துவிடுகிறார்கள். தேவிக்கு மொத்தம் இரண்டே வசனம்: "வா", "ஆ". இதை எழுத ஒரு மனிதர் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாராம்.

அட்டைப்படத்தில் அவள் எப்படி நிற்க வேண்டும் என்றும் பத்திரிகை ஆசிரியர் சொல்லி, ஒரு மாதிரிப் படமும் கொடுத்திருந்தார். முன்னழகும் தெரிய வேண்டும், பின்னழகும் தெரிய வேண்டும், முகம் வாசகனையே பார்க்க வேண்டும். மைக்காரி கரண்டியைக் கத்தியாகப் பிடித்து, நிலைக்கண்ணாடி முன் உடம்பை முறுக்கிப் பார்த்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. தையற்காரியான அக்கா ஓடிவந்து அவளைப் படுக்க வைத்துவிட்டு, மாதிரிப் படத்தை எடுத்துப் பார்த்தாள்.

"இந்த உடம்புக்கு என்னால அளவெடுக்க முடியாதுடி. இவளுக்கு முதுகெலும்பு இருக்கா இல்லையா?"

"சாருக்கு அது தேவையில்லையாம்க்கா."

இரண்டு நாள் படுக்கை. அக்கா நூலகத்திலிருந்து கொண்டுவந்த எகிப்துப் புராணத்தைப் படிக்கப் படிக்க மைக்காரிக்கு வயிறு எரிந்தது. தேவி யாரையும் வெட்டவே இல்லை. வெட்டியவன் கொழுந்தன். அண்ணனைப் பதினாலு துண்டாக்கி நாடெங்கும் வீசியிருக்கிறான். தேவிதான் ஆற்றங்கரை முழுக்க அலைந்து, ஒவ்வொன்றாகத் தேடியெடுத்து, துணி சுற்றிக் கட்டிப் புருஷனை எழுப்பியிருக்கிறாள். ஒரு துண்டு மட்டும் கிடைக்கவில்லை. கொழுந்தன் செய்த கொலையைத் தூக்கி அண்ணி தலையில் போட்டிருக்கிறார்களே, இவர்கள் உருப்படுவார்களா?

எழுந்ததும் கதையை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு, எட்டுப் பக்கம் தன் இஷ்டத்துக்கு வரைந்து ஆசிரியர் மேஜையில் வைத்தாள்.

"இவ யாரையும் மயக்கலியேம்மா. வாசகன் எதுக்கு வாங்குவான்?"

"ஆசை காட்டறவள நிறையப் பாத்துட்டான் சார். இவ ஆசைப்படறா. அஞ்சாம் பக்கத்தப் பாருங்க."

சேற்றில் முழங்காலளவு நின்று, புருஷனின் வெட்டுண்ட கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தேவி சிரித்தாள். ஆசிரியர் சட்டென்று பக்கத்தைத் திருப்பினார்.

"கிடைக்காத துண்டு எது?"

மைக்காரி சொன்னாள். அதை மீன் தின்றுவிட்டது என்றும், தேவி தன் கையாலேயே புதிதாக ஒன்று செய்து வைத்துப் பிள்ளையும் பெற்றாள் என்றும், காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள். ஆசிரியருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது.

"சரி. தேவிய மட்டும் வேற ஆள வச்சு மாத்திக்கறேன். உன் பேர் வரும்."

"மாத்தினா பக்கங்கள எடுத்துட்டுப் போயிடுவேன் சார்."

"நாளைக்கு அச்சுக்குப் போகணும். இப்படியே போடணும்னா பெரியவர் பேர்லதான் போடுவேன். அவர் பேர் இருந்தாத்தான் கடைக்காரன் எடுப்பான்."

பெரியவர் என்பவர் இவள் ஆறு வருஷம் மை ஏற்றிய கோடுகளுக்குச் சொந்தக்காரர். மைக்காரி அங்கேயே அழுதுவிடுவோமோ என்று பயந்தாள்.

"அவர் பேரே வரட்டும். அவளத் தொடாதீங்க."

இதழ் வந்தது, கடைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடுத்த வாரம் ஆசிரியர் சிரித்துக்கொண்டே ஒரு வாசகர் கடிதத்தை நீட்டினார். 'ஓவியர் ஐயா, பெண்ணின் ஆசையை இவ்வளவு துணிச்சலாக வரைய ஓர் ஆணால்தான் முடியும்.'

மைக்காரி இரண்டு தடவை படித்தாள். உச்சி முதல் பாதம் வரை கொதித்தது. அந்தக் கடிதத்தின் அடியிலேயே, கெட்டி மையில், 'வரைந்தது ஐயா இல்லை, நான்' என்று எழுதித் தன் முழுப் பெயரையும் போட்டாள்.

"இது அடுத்த இதழ் கடிதப் பக்கத்துக்கு சார்."

"பெரியவர் என்ன நினைப்பாரு?"

"என்ன வேணா நினைக்கட்டும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க சரின்னு கையெழுத்துப் போடற வரைக்கும் இங்கயே இருக்கேன்."