மாமனார் வாசல் வேகத்தடை

மாமனார் கேட்டுவிட்டாரே என்று சாலைப் பொறியாளர் அவர் வீட்டுக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடை போட்டார். விதிப்படி போட்டிருக்கலாம். "நல்லா உசரமா போடுங்க மாப்பிள்ளை, ஒரு பயலும் பறக்கக் கூடாது" என்றார் மாமனார். பெண் கொடுத்தவர் பேச்சைத் தட்ட முடியுமா? அரை முழங்கால் உயரத்துக்கு எழுப்பிவிட்டார்.

மேட்டைத் தாண்டி, சரியாக மாமனார் வாசலில் சாலை குழிந்தது. அடைத்தார், மறுபடியும் குழிந்தது. சற்றுத் தள்ளி அதற்கொரு தம்பியும் பிறந்தது. மாமனாருக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க மாப்பிள்ளை பாதித் தாரைக் குடிச்சிட்டாரு" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தார். பொறியாளர் அந்த வேலையில் ஒரு கரண்டித் தாரைக்கூடத் தொட்டவரில்லை. மனைவியே ஒருநாள், "நிஜமா சொல்லுங்க, எடுத்தீங்களா?" என்று கேட்டாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நேரே மாமனாரிடம் போனார்.

"மாமா, நிக்கிற லாரி வேற, ஓடுற லாரி வேற. மேட்டுல எகிறி விழுறப்ப அதே சக்கரம் இன்னும் பலமா ரோட்டை அமுக்கும். எல்லா லாரியும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல விழுது. அதான் குழி. குழியில எகிறி விழுந்தா அடுத்த குழி."

"எடைன்னா எடைதான். குதிச்சா கூடுமா? எனக்கே காது குத்துறீங்களா?"

இனிப் பேசிப் பயனில்லை. சரளை ஏற்றி வந்த லாரியை நிறுத்தி, மாமனாரை ஓட்டுநர் பக்கத்தில் ஏற்றினார்.

"மெதுவாப் போகட்டுமா?" என்றார் ஓட்டுநர்.

"எப்பவும் போற மாதிரியே போங்க" என்றார் பொறியாளர்.

லாரி எகிறியது. மாமனாரும் எகிறினார். தலை கூரையை விசாரித்தது. பிறகு மொத்த உடம்பும் இருக்கையில் வந்து விழுந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"மாப்பிள்ளை, நான் அவ்வளவு கனமாவா இருக்கேன்?"

"உக்காந்திருந்தா இல்ல மாமா. விழுந்தாத்தான்."

"இடிச்சுத் தள்ளுங்க அந்த மேட்டை!"

அன்று மாலையே தெருவுக்குப் புதுச் செய்தி வந்தது. "தாரு தங்கம்! மாப்பிள்ளைக்குக் கை சுத்தம். புத்திதான் மட்டு. இவ்வளவு உசரமா யாராவது மேடு போடுவாங்களா?"

மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்றிரவு அந்தப் புத்தி மட்டான மனிதர் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.