பன்னிரண்டு டிகிரி

ஆய்விதழ் எனக்கு முப்பது நாள் கெடு கொடுத்திருந்தது. அதற்குள் தக்க பதில் வராவிட்டால், பதினோரு வருடத்துக்கு முன் நான் எழுதிய கட்டுரையை விலக்கிவிட்டதாக அறிவிப்பார்களாம். அறுபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு காலத்தில் பூமத்திய ரேகை வரைக்கும் பனி மூடியிருந்தது என்று சொன்ன கட்டுரை அது.

பனி இருந்ததை நிரூபிப்பது அவ்வளவு கடினமில்லை. கடலடிச் சேறு ஏடு ஏடாகப் படிந்து பாறையாகியிருக்கும். அதன் நடுவே தலை அளவு கருங்கல் ஒன்று, ஏடுகளைக் கீழே அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நடுக்கடலில் அதை யார் போட்டிருப்பார்கள்? மிதந்து வந்த பனிக்கட்டிதான், உருகும்போது.

அந்தக் கடல் அப்போது எங்கே இருந்தது என்பதற்குத்தான் பாடுபட வேண்டும். சேற்றிலுள்ள இரும்புத் தூசி, படியும்போது பூமியின் காந்தத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். சேறு இறுகியதும் அப்படியே நின்றுவிடும். துருவத்தருகே படிந்த தூசி தரையைக் குத்துவதுபோல் சாய்ந்திருக்கும். பூமத்திய ரேகையருகே படிந்தது படுத்திருக்கும். என் பாறையில் படுத்திருந்தது. போதாக்குறைக்கு அது வடக்கிலிருந்து பக்கவாட்டில் பன்னிரண்டு டிகிரி விலகியும் இருந்தது. அதிலிருந்து, அந்த நிலம் முழுவதும் பிற்பாடு அந்த அளவுக்குத் திரும்பியிருக்கிறது என்று இரண்டாவது முடிவும் சொல்லியிருந்தேன்.

இப்போது வேறொரு குழு அதே பாறையைத் துளைத்திருக்கிறது. அதன் தலைவருக்கு எங்கள் வீட்டில் 'எதிர்க்கட்சி' என்று பெயர். அவருக்கு அந்த விலகல் கிடைக்கவில்லை. "இவருடைய எண்பத்து மூன்று துண்டுகளே தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. பாறையின் பழைய காந்தம் எப்போதோ கெட்டிருக்கிறது. பனியைப் பற்றிய முடிவையும் நம்ப முடியாது" என்று எழுதிவிட்டார்.

ஒத்துப்போகவில்லை என்பது உண்மைதான். அது அப்போதே எனக்குத் தெரியும். சராசரி எடுத்துத் தாண்டிப் போயிருந்தேன்.

ஒன்பதாம் நாள் மதியம், சாப்பாட்டு மேசையில் பழைய களக்குறிப்பேட்டைப் பரப்பி, அன்று ஒவ்வொரு துண்டையும் துளைத்தெடுக்குமுன் அது பாறையில் எந்தத் திசை பார்த்திருந்தது என்று குறித்த அதே திசைகாட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோளாறு கருவியிலா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

"என்னம்மா, இன்னும் வடக்கைத் தேடிட்டு இருக்கியா?" என்று குனிந்து பார்த்தார்.

முள் ஆடியது.

"மேசைய இடிக்காதீங்க."

"நான் எங்க இடிச்சேன்? கையக் கட்டிட்டு நிக்கிறேன்."

"கொஞ்சம் பின்னால போங்க." முள் பழைய இடத்துக்கு வந்தது. "இப்ப குனிங்க." மறுபடி விலகியது. "நிமிருங்க. குனிங்க."

"ஏன்டி, கட்டின புருஷன இப்படித் தோப்புக்கரணம் போட வைக்கிற?"

வெயிலில் வந்ததால் மூக்குக்கண்ணாடிக்கு மேலே கறுப்புக் கண்ணாடியை ஒட்டியிருந்தார். பக்கத்துக்கு இரண்டாக நான்கு குட்டிக் காந்தங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதே மாதிரி ஒன்றை எனக்கும் செய்து கொடுத்திருந்தார், நான் அந்தப் பாறைக்குப் புறப்பட்ட வருடம். எனக்குக் கிட்டப்பார்வை. திசைகாட்டியின் அளவுகோட்டைப் படிக்க மூக்கு அதில் இடிக்கிற அளவுக்குக் குனிவேன். பாறைமுகம் ஒரே பக்கம் பார்த்ததால் எப்போதும் ஒரே பக்கமிருந்துதான் குனிந்தேன்.

"நீங்க குடுத்த கூலிங் கிளாஸ்தான் ஒரு கண்டத்தையே திருப்பிருக்கு," என்றேன்.

அவர் மெல்ல உட்கார்ந்தார். "என் கடைச் சரக்கு அவ்வளவு ஸ்ட்ராங்கா?"

சந்தேகத்தைச் சோதிக்க வழி இருந்தது. குறிப்பேட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் நேரமும் வானமும் எழுதியிருந்தேன். மேகமூட்டத்தில் கறுப்புக் கண்ணாடி போட மாட்டேன். மேகத்தில் எடுத்த முப்பத்தோரு துண்டுகளைத் தனியே பிரித்தேன். அவற்றில் விலகல் இல்லை. வெயிலில் எடுத்த ஐம்பத்திரண்டும் சொல்லிவைத்தாற்போல் விலகியிருந்தன. என் சராசரி பன்னிரண்டு வந்ததற்கு அவைதான் காரணம்.

சந்தேகம் உறுதியானது. ஆனால் வெயில் துண்டுகளைக் குப்பையில் போட வேண்டியதில்லை. வெயில் அடிக்கும்போதெல்லாம் நாங்கள் இன்னொன்றும் செய்வோம்: கருவியின் மேல் ஒரு மெல்லிய கம்பியை நிறுத்தி, அதன் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறது என்று குறிப்போம். நேரமும் இடமும் தெரிந்தால் சூரியன் நின்ற திசையைக் கணக்கிடலாம். அதிலிருந்து வடக்கு கிடைக்கும். நிழலைக் காந்தம் அசைக்காது. ஐம்பத்திரண்டு நிழல்களும் ஏட்டில் இருந்தன. கணக்குப் போட அலுப்புப்பட்டு முள்ளையே நம்பியிருந்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

ஆறு நாள் பிடித்தது. எண்பத்து மூன்றும் ஒன்றுசேர்ந்தன. கண்ணாடி இடம்வலமாகத்தான் கெடுத்திருந்தது. தூசி படுத்திருந்த சாய்வு மாறவே இல்லை. பனி பூமத்திய ரேகையருகேதான் இருந்தது. நிலம் மட்டும் திரும்பவில்லை. பதினோரு வருடமாக நான் வகுப்பில் நடத்தியது, இரண்டு மாநாடுகளில் கைதட்டு வாங்கியது, எல்லாம் என் மூக்கின் மேல் இருந்த விலகல்.

"நிழலை வெச்சுத் திருத்தினேன்னு மட்டும் எழுதினா போதாதா?" என்று கேட்டார். "கண்ணாடிய எதுக்கு இழுக்கணும்? ஊரே சிரிக்கும்."

"முள்ளு ஏன் தப்புன்னு சொல்லாம, நிழலை நம்புங்கன்னு எப்படிக் கேக்கறது? வேணும்னு மாத்தினேன்னு எதிர்க்கட்சி சொல்வார். அவர் இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் சொல்லுவேன்."

"சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். சிரிச்சிட்டு அவங்கவங்க கண்ணாடியக் கழட்டிப் பாக்கட்டும்."

அவர் கடைக்குப் போய், அதே வகைக் கண்ணாடி ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தார். எத்தனை அங்குலத்தில் எத்தனை டிகிரி முள் விலகுகிறது என்று அளந்து அட்டவணை போட்டோம். அவர் அளவைச் சொன்னார், நான் எழுதினேன். பதிலை இப்படித் தொடங்கினேன்: 'இக்கட்டுரையின் இரண்டாவது முடிவு தவறு. தவறு என்னுடையது. அது நேர்ந்த விதம் வருமாறு.'

இருபத்திரண்டாம் நாள் அனுப்பினேன். அடுத்த மாதம் மூன்று வரியில் பதில் வந்தது. கட்டுரை நீடிக்கும், திருத்தம் அதன் முதல் பக்கத்திலேயே அச்சாகும், நிழல் கணக்கை எதிர்க்கட்சி தாமே போட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அன்று காலை வகுப்பு இருந்தது. பாடப்படத்தில் அந்த நிலத்தின் ஓரமாக, அது திரும்பிய பக்கத்தைக் காட்டும் ஒரு வளைந்த அம்பு இருந்தது. பதினோரு வருடமாக இருந்த அம்பு. அதை அழித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். ஏன் அழித்தேன் என்பதைத்தான் அன்று முதல் பாடமாக நடத்தினேன்.