விட்டுப்போன பதினாலு

சனிக்கிழமை சாயங்காலம் முனிகிருஷ்ணன் அடுப்படி அலமாரியிலிருந்து விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டபோது, ஜானகி முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"பொண்டாட்டி தலைக்கு எண்ணெய் கேட்டா அடுத்த வாரம்னுவே. அந்தக் கவுத்துப்போட்ட அண்டாவுக்கு மட்டும் வாரம் தவறாம எண்ணெய்க் காப்பு."

அண்டா முனகாமல் சுற்றினால்தான் ஜனம் பயப்படாமல் மேலே ஏறும் என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவன் செருப்பை மாட்டினான். 1957, ஜூன் மாதம். ஜீவனஹள்ளியில் அந்த வீட்டில் சாதாரணமாக நடந்த கடைசிக் காரியம் அதுதான்.

அண்டா என்று அவள் சொன்னது, பல்கலைக்கழகத்து வானாய்வுக்கூடத்தின் உருண்டைக் கூரையை. ஊரில் அதற்கு நட்சத்திர பங்களா என்று பேர். மற்ற நாட்களில் மாணவர்களுக்கு; சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் ஊருக்கு. ஒக்கலிபுரத்திலிருந்து ரயில்வே கூலிகள் குழந்தை குட்டிகளோடு வருவார்கள். துரைவீட்டுச் சமையல்காரர்கள் வேலை முடித்த கையோடு வருவார்கள். அங்கே முனிகிருஷ்ணன் அட்டெண்டர். கயிற்றை இழுத்துக் கூரையைச் சுற்றுவதும், முக்காலி போடுவதும், ஆளுக்கு இருபது எண்ணுகிற வரை டெலஸ்கோப்பில் பார்க்க விடுவதும் அவன் வேலை. தமிழில்தான் எண்ணுவான். கன்னடம் பேசுகிறவர்களும் உருது பேசுகிறவர்களும் வரிசையில் நின்று நின்றே தமிழில் இருபது வரை கற்றுக்கொண்டார்கள்.

நிலா என்றால் தள்ளுமுள்ளு. சனி என்றால்தான் தகராறு. கோயிலில் சனீஸ்வரன் முன்னால் நேராக நிற்காத ஜனம், இங்கேயும் முக்காலிக்குப் பக்கத்தில் ஒருக்களித்து நின்றது. முனிகிருஷ்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். டெலஸ்கோப்பின் அடியில் கண் வைக்கிற குழல் பக்கவாட்டில் மடங்கியிருக்கும். உள்ளே கண்ணாடி திருப்பிக் காட்டும். "நீங்க சுவரைப் பாத்துக்கினுதான் நிக்கிறீங்க. சனி அப்பால கீறாரு. அவருக்கு உங்க மூஞ்சியே தெரியாது" என்று அவன் சொன்னதும் பெண்கள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஏறினார்கள்.

ஏறாதவள் அவன் பெண்டாட்டிதான். ஆறு வருஷமாக அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு போனவள் மாடிப்படியில் நின்றபடி அவன் எண்ணுவதைக் கேட்டாள். பதிமூணு, பதினஞ்சு என்று போனது. அடுத்த ஆளுக்கும் அப்படியே. வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் இருபதுன்னு சொல்லிட்டுப் பத்தொம்பதுதான் குடுக்கறே. சர்க்கார் சம்பளம் வாங்கறவன் செய்யற வேலையாய்யா இது?"

"ஆளுக்கு ஒரு பதினாலு உன் பேர்ல எடுத்து வெக்கிறேன்மே. நீ வர்ற அன்னிக்கி மொத்தமா பாத்துக்கோ."

"அவ்ளோ நேரம் சனி மூஞ்சியைப் பாத்தா அப்புறம் உன் மூஞ்சியே தேவலைன்னு ஆயிடும். அதுக்குத்தானே?"

அவன் அதை மறுக்கவில்லை.

அந்த சனிக்கிழமை ராத்திரி காய்ச்சலோடு திரும்பினான். மெட்ராஸ் பக்கமிருந்து வந்த ஃபுளூ அப்போது தெருத்தெருவாகப் படுக்கப் போட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஒரு வாரத்தில் எழுந்து கஞ்சி குடித்தார்கள். அவன் ஐந்தாம் நாள் போய்விட்டான். எண்ணெய் பாட்டில் சட்டைப்பையிலேயே இருந்தது.

ஆவணி பிறந்ததும் பக்கத்து வீட்டு பிரிஜெட் வந்து, தெருவில் என்ன பேசுகிறார்கள் என்று சொன்னாள். பிரிஜெட்டுக்கு எதையும் மூடிவைத்துச் சொல்ல வராது. ஊருக்கெல்லாம் சனியைக் காட்டினவனை அது சும்மா விடுமா என்கிறார்களாம். ஜீவனஹள்ளியிலிருந்து ஒருத்தர்கூட அங்கே போவதில்லையாம்.

புரட்டாசியில் லெக்சரர் கிருஷ்ணப்பாவே வீடு தேடி வந்தார். வானாய்வுக்கூடத்தைக் கவனித்துக்கொண்டிருந்த ஷிமோகாக்காரர். முனிகிருஷ்ணனிடம் கற்ற தமிழில், கூட்டம் குறைந்துவிட்டது, தீபாவளி வரை பார்த்துவிட்டு சனிக்கிழமையை நிறுத்தச் சொல்லி மேலிருந்து காகிதம் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, காபியை முழுக்கக் குடிக்காமல் எழுந்தார். நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்கள் என்றுகூட அவர் கூப்பிடவில்லை. அதுதான் ஜானகிக்குத் தாங்கவில்லை. அவன் இழுத்த கயிறு நின்றுபோனால், சனிதான் அவனைக் கொண்டுபோனது என்று ஊரே எழுதிக் கையெழுத்துப் போட்டதுபோல ஆகிவிடும்.

ஆயுத பூஜை கழிந்த சனிக்கிழமை, விளக்கெண்ணெய் பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்டாள். கூடவே பிரிஜெட் வந்தாள். என்ன ஆகிறது பார்க்கலாம் என்று தெருப்பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கொஞ்சம் தள்ளிப் பின்னால் வந்தார்கள்.

டெலஸ்கோப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். ஜானகி பாட்டிலை லெக்சரர் கையில் கொடுத்தாள். தலையில் முந்தானை போட்டுக்கொள்ளாமல் முக்காலியில் ஏறினாள்.

பெரிதாக, கோபமாக ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தாள். துவரம்பருப்பு அளவில் மஞ்சளாக ஒன்று, ஒட்டாத ஒரு வளையத்தைப் போட்டுக்கொண்டு இருந்தது. இதுக்கா இத்தனை எண்ணெய் என்று அவனைக் கேட்க வாய் வந்துவிட்டது.

பின்னால் கிருஷ்ணப்பா எண்ண ஆரம்பித்திருந்தார். பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு, பதினஞ்சு.

கண்ணை எடுக்காமலே கேட்டாள். "மேஷ்டரே, பதினாலு எங்கே?"

அவர் திணறிப்போனார். "உங்க தமிழ் ஆளுங்க பதினாலு சொல்லக்கூடாதேனோன்னு நெனச்சேனம்மா. முனிகிருஷ்ணன் ஒரு நாளும் சொல்லல. சாமி விஷயம், கேக்கறது தப்புன்னு நானும் விட்டுட்டேன்."

பிரிஜெட் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க எண்ணுனது சரிதான். சொல்லக்கூடாது," என்றாள் ஜானகி.

இருபது முடிந்தது. அவள் இறங்கவில்லை. யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை. கிருஷ்ணப்பா மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். மூன்றாம் தடவை முடிவதற்குள் ஒன்றும் சரியாகத் தெரியாமல் போனதால், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

"மூஞ்சி ஒண்ணும் அவ்ளோ மோசமில்லே. ஏறுங்கடி," என்றாள்.

தெருப்பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அடுத்த வாரம் வீட்டு ஆண்களையும் இழுத்துவந்தார்கள். தீபாவளி வந்து போயிற்று, சனிக்கிழமை நிற்கவில்லை.

கிருஷ்ணப்பா மாற்றலாகிப் போனார். அவருக்குப் பின் இரண்டு லெக்சரர்கள், மூன்று அட்டெண்டர்கள். ஒவ்வொருவரும் எண்ணுவதை முன்னால் இருந்தவரிடம் கற்றுக்கொண்டார்கள். அங்கே பதிமூணுக்கு அப்புறம் பதினஞ்சுதான்.