ஏழாவது ஆள்

பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் தாடிக்குக் கீழே, கழுத்தோரத்தில் சலூன்காரர் கத்தியை வைத்த நேரம் பார்த்து, போர்த்தியிருந்த துணிக்கடியிலிருந்து ஹஜ்ரத்தின் கை வெளியே வந்தது. கையில் ஒரு உறை.

"உனக்குத்தான். ஜகாத் காசு. குடுத்தவங்க பேரைச் சொல்ல வேணாம்னாங்க."

"ஹஜ்ரத், கத்தி கழுத்துல இருக்கு. உண்மையைச் சொல்லிடுங்க."

"நோன்பு வச்சிருக்கேன். பொய்யும் சொல்ல மாட்டேன், பேரும் சொல்ல மாட்டேன். நீ வேலையைப் பாரு."

இரண்டு மாத வாடகை பாக்கி. பெருநாளைக்குள் கட்டாவிட்டால் கடையைக் காலி செய்ய வேண்டும் என்று கட்டிடக்காரர் மிகவும் மரியாதையாகச் சொல்லியிருந்தார். அந்த மரியாதைதான் பயமாக இருந்தது. வீட்டில் மூச்சுவிடவில்லை. "கடை எப்படிங்க போகுது?" என்று மனைவி கேட்டபோது, "ஜோரா போகுது" என்றார். எங்கே போகிறது என்று நல்லவேளையாக அவள் கேட்கவில்லை. நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நிற்கிற மனுஷனுக்குத் தன் முகம் எல்லாவற்றையும் உளறிவிடும் என்பது மட்டும் தெரியாமல் போனது.

உறையைத் திருப்பிப் பார்த்தார். கட்டம் போட்ட நோட்டுத் தாளை மடித்து ஒட்டியது. ஓரங்கள் ஸ்கேல் வைத்தது போல நேர். மூடியில் சின்னதாக ஒரு சிவப்பு டிக்.

சிவப்புப் பேனா வைத்திருப்பவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால் கரண்ட் பில்லுக்கும் மளிகைச் சீட்டுக்கும் டிக் போடுகிறவள் ஒருத்திதான். அவர் வீட்டுக் கணக்கு டீச்சர். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில்கூட ஒன்று போட்டு வைத்திருக்கிறாள். மார்க்தான் இன்னும் போடவில்லை.

சலூன்காரர் தொண்டையைச் செருமினார். "ஹஜ்ரத், பொண்டாட்டிகிட்ட புருஷன் ஜகாத் வாங்கலாமா? சும்மா கேக்குறேன்."

"தேவை இருந்தா வாங்கலாம். புருஷன்தான் பொண்டாட்டிக்குக் குடுக்கக் கூடாது. அவளுக்குச் சோறு போடுறது அவன் கடமை, அதை ஜகாத்துல கழிக்க முடியாது. நானும் சும்மாதான் சொல்றேன்."

உறையை ஹஜ்ரத்தின் மடியில் வைத்தார். "வேற யாருக்காவது குடுத்துடுங்க. கையும் காலும் நல்லாத்தான இருக்கு எனக்கு."

ஹஜ்ரத் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். "போன வாரம் அந்த மூட்டை தூக்குறவர் வந்தாரே. முடி வெட்டிட்டுக் காசை எடுத்தாரு. என்ன சொன்னே?"

சலூன்காரர் சீப்பை எடுத்துத் தாடியை வாரினார். இல்லாதப்பட்டவர் யார் வந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: 'இன்னிக்கு நீங்க ஏழாவது ஆள். நோன்பு மாசத்துல ஏழாவது ஆளுக்குக் காசு வாங்குறதில்ல.'

"அன்னிக்கு அவருக்கு முன்னாடி உட்கார்ந்தது நான் ஒருத்தன்தான். எனக்கும் எண்ணத் தெரியும்பா."

"அது வேற ஹஜ்ரத்."

"என்ன வேற? சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போனாரு. அவருக்கு இருக்கிற பெரிய மனசு உனக்கு இல்லையா? இன்னிக்கு நீதான் ஏழாவது ஆள். எடுத்து வை."

சலூன்காரர் கத்தியைத் துடைத்தார். துடைத்த கத்தியையே மறுபடியும் துடைத்தார். பிறகு உறையை எடுத்து, மடிப்பு கசங்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று நோன்பு திறக்க உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் ஏந்தி, அடுத்த வீட்டுக்கும் கேட்கிற மாதிரி துஆ கேட்டார். "யா அல்லாஹ், அந்தக் குடுத்த கைக்கு பரக்கத்தைக் குடு. நீண்ட ஆயுசைக் குடு. அவங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் புத்தியையும் குடு."

"ஆமீன்," என்றாள் டீச்சர். கடைசி வேண்டுதலுக்குக் குரல் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. "யாருக்குங்க இவ்வளவு பெரிய துஆ?"

"யாரோ ஒரு நல்ல மனுஷி... மனுஷன். பேர் தெரியாது."

"தெரியாமலே இருக்கட்டும்."

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்துக்காக அவள் கையை நீட்டினாள். ஆள்காட்டி விரல் நுனியில், எத்தனை தேய்த்தும் போகாத சிவப்பு மை. அவர் அதைப் பார்க்காதவர் போல, தட்டிலிருந்ததிலேயே பெரிய பழமாக எடுத்து, பொறுமையாகக் கொட்டையை நீக்கி, அந்தக் கையில் வைத்தார்.