சலவைக் குறி

சோலைமலை வருகிறான் என்று தெரிந்ததும் அழகம்மா வாசலில் கிடந்த கால்மிதியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

தம்பி அதை மிதிக்கக்கூடாது. பார்க்கவும் கூடாது. அது அவன் கொடுத்த சேலை.

மகள் தனுஷிகா பெரியவளானபோது தாய்மாமன் சீராக அவன் கொண்டுவந்தது. அரக்கு நிறம், பச்சைக் கரை, கரையில் மாங்காய். பூண்டுலோயாவிலிருந்து வந்து, தாம்பாளத்தில் வைத்து மேளத்தோடு தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தான். பெண்கள் தொட்டுப் பார்த்தார்கள். ரவிக்கைத் துணி எங்கே என்று ஒருத்தி கேட்டாள். கடையில் வெட்டித் தரவில்லை என்று அவன் மனைவி ஷாமிலா சொன்னாள். சடங்கு முடிந்ததும் சேலை பெட்டிக்குள் போனது.

போன வருடம் லயத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து கால்மிதி பின்னி விற்கத் தொடங்கினார்கள். ஹட்டன் டவுன் வீடுகளில் வேண்டாத துணியை மூட்டையாகக் கொடுத்தார்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்து, துணியை நாடாவாகக் கிழித்து, பின்னி, வட்டமாகச் சுற்றித் தைப்பார்கள். டவுன் சேலைகளின் மூலையில் சலவைக் கடைக்காரன் எழுதிய எண் இருக்கும். அழியாத கறுப்பு மை. யாரோ உடுத்தி, அழுக்காக்கி, வெளுக்கப் போட்டதற்கு அடையாளம்.

ஒரு நாள் பெட்டியை வெயிலில் வைத்தபோது மாமன் சேலையின் மூலையிலும் அந்த மை இருந்தது.

ஊரே பார்க்க, எவளோ கழித்துப் போட்டதை என் மகளுக்குப் போர்த்தியிருக்கிறான் என்று நினைத்தாள். அன்றைக்கே கிழித்தாள். நெசவு நல்ல உறுதி. கரையைக் கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. என்ன துணி என்று பக்கத்து வீட்டு ராசம்மா கேட்டதற்கு, டவுன் மூட்டையில் வந்தது என்றாள். விற்கக் கொடுக்கவில்லை. தன் வாசலிலேயே போட்டாள். முதல் சில நாள் மலையிலிருந்து வந்து காலை அழுத்தித் துடைத்தாள். பிறகு பழகிவிட்டது.

தனுஷிகாவுக்குத் தெரியாது. அவள் கொழும்புப் பக்கம் கார்மென்ட்டில் வேலை செய்தாள். ஆவணியில் கல்யாணம். "நலங்குக்கு மாமன் சேலதாம்மா கட்டுவேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். பார்க்கலாம் என்று அழகம்மா சொன்னாள். அதே நிறத்தில் ஒன்று ஹட்டனில் கிடைத்தால் வாங்கி வைத்துவிடலாம் என்று எண்ணியிருந்தாள்.

தம்பியும் ஷாமிலாவும் மழையோடு வந்து இறங்கினார்கள்.

"என்னக்கா இளைச்சிட்டீங்க. மருமகன் வரப்போறாருன்னு சோத்த விட்டுட்டீங்களா?"

"நீ மட்டும் என்னவாம். தல பூரா நரச்சிருச்சு."

"நரை இல்லக்கா. பூண்டுலோயா பனி."

"டை வாங்கிக் குடுத்தேன் அண்ணி," என்றாள் ஷாமிலா. "பூசிக்கிட்டு வெளிய போனாரு. நாங்க வளத்த நாயே கொலச்சிச்சு."

அழகம்மா சிரித்தாள். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். கோழிக்குழம்பு அடுப்பில் கொதித்தது. கட்டில்மேல் உட்கார்ந்திருந்த ஷாமிலா பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்தாள்.

அரக்கு நிற ரவிக்கை. கையில் பச்சைக் கரை. கரையில் மாங்காய்.

"அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன் அண்ணி. கடையில வெட்டித் தரலன்னு. இது எங்கிட்டதான் இருந்திச்சு."

"விடு புள்ள," என்றான் சோலைமலை. டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னத்த விடுறது? பொண்ணுக்குக் கல்யாணம். சேலயும் ரவிக்கையும் ஒன்னா இருக்கட்டும்." அவள் ரவிக்கையை மடியில் விரித்தாள். "அது எங்க முகூர்த்தச் சேல அண்ணி. அந்த வருசம் இவருக்கு வேல இல்ல. தாய்மாமன் வெறுங்கையோட போய் நிக்கிறதான்னு சோறு எறங்கல இவருக்கு. நான்தான் பெட்டியில இருந்து எடுத்துக் குடுத்தேன். தலவாக்கலையில வெளுக்கப் போட்டு, புதுசு மாதிரி மடிச்சு வாங்கினோம். சேலயக் குடுக்க மனசு வந்திச்சு. ரவிக்கையக் குடுக்க வரல. அன்னிக்கு வரல."

அழகம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள். தீ நன்றாகத்தான் எரிந்தது. ஒரு விறகைத் தள்ளிவிட்டாள்.

"அந்தச் சலவக்காரன் நம்பர் போட்டுட்டான்க்கா," என்றான் சோலைமலை. "மண்ணெண்ண போட்டுத் தேச்சேன். போகல. நீங்க பாத்திருப்பீங்க, தம்பி பழசக் குடுத்துட்டான்னு நெனச்சிருப்பீங்கன்னு எனக்கு இத்தன வருசமா ஒரு இது."

"நம்பரா?" என்றாள் அழகம்மா. "நான் ஒன்னும் பாக்கலியே."

"பாக்கலியா?"

"இல்லப்பா."

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு சத்தமாகச் சிரித்தான். "சொன்னேன்ல புள்ள, நீதான் பயந்துக்கிட்டே இருந்த."

"நானா பயந்தேன்? சரி, சேலய எடுங்க அண்ணி. ரவிக்கையோட வெச்சுப் பாப்போம்."

"அது இங்க இல்ல," என்றாள் அழகம்மா. "சலவைக்குக் குடுத்திருக்கேன்."

"ஐயோ," என்றான் சோலைமலை. "இன்னொரு நம்பர் போட்டுறப் போறான்!"

ஷாமிலா சிரித்தாள். அழகம்மாவும் சிரிக்க வேண்டியிருந்தது.

அப்போது ராசம்மா வந்தாள். கொழுந்துக் கூடையை இஸ்தோப்புத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்றாள்.

"தம்பி வந்திருக்காரு, கோழி மணக்குது, எனக்கு ஒரு சத்தம் இல்ல. இது நல்லாருக்கா அழகம்மா?"

"உள்ள வா."

"எப்பிடி வர்றது? சேத்துக் காலு. வாசல்ல கெடந்த கால்மிதி எங்க?"

"காயப் போட்டிருக்கேன். அப்பிடியே வா."

ராசம்மா குனிந்து பார்த்தாள். "மழையில காயப் போட்டாளாம். அந்தா கட்டிலுக்கு அடியில கெடக்கு." ஓரமாக நடந்து வந்து, கையை விட்டு இழுத்தாள். "விருந்தாளி வந்தா ஒளிச்சு வெக்கிறதா? தம்பி, ஒங்க அக்கா கை வேலயப் பாத்தீங்களா? ஹட்டன்ல ஒரு டீச்சர் கேட்டாங்க. தர மாட்டேன்னுட்டா. டவுன்காரங்க கழிச்சுப் போட்ட பழசுல போட்டது. பாத்தா பழசுன்னு சொல்ல முடியுமா?"

வாசலில் போட்டாள். ஏறி நின்று இரண்டு காலையும் துடைத்தாள்.

ராசம்மா நிமிர்ந்தாள். ஷாமிலாவின் மடியில் இருந்த ரவிக்கையைப் பார்த்தாள். "அட, இதே…" என்று தொடங்கி நிறுத்தினாள். காலை எடுத்துத் தரையில் வைத்தாள். அழகம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அடுப்புல சோத்த வெச்சிட்டு வந்தேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போதுதான் மலையிலிருந்து வந்தவள். கூடையைக்கூட எடுக்கவில்லை.

சோலைமலை எழுந்து போய் வாசலில் குந்தினான். கால்மிதியைத் திருப்பினான். வட்டத்தின் வெளிச்சுற்றில் பச்சைக் கரை ஓடியது. அதன்மேல் இருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தான். ஒரு மாங்காய் பாதியாகத் தெரிந்தது.

"நல்லா இறுக்கமாப் பின்னியிருக்கீங்க அக்கா."

அழகம்மா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நம்பரப் பாத்துட்டீங்க," என்றான்.

அவள் தலையசைத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

கேட்டிருந்தால் அவன் தலைகுனிந்திருப்பான், அந்தத் தலைகுனிவைப் பார்க்க விரும்பாமல்தான் கேட்கவில்லை என்று அழகம்மா இதுவரை தனக்குச் சொல்லிவந்தாள். அது உண்மை இல்லை. பழசுதான் என்று அவளுக்கு அவ்வளவு உறுதியாக இருந்தது. தம்பி வீட்டில் வேறு என்ன இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். சாப்பிடாமல் போயிருந்தால்கூட அவளுக்கு ஏதாவது சொல்ல வாய் வந்திருக்கும். அவர்கள் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஷாமிலா சொன்னாள். இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டபோது இருவரும் தட்டைக் கையால் மூடினார்கள். ஆவணியில் எந்த நாள், மண்டபம் பார்த்தாயிற்றா என்று சோலைமலை கேட்டான். அவள் பதில் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தான்.

ரவிக்கை கட்டில்மேல் இருந்தது. அழகம்மா அதைக் காகிதத்தில் சுற்றி ஷாமிலாவின் பைக்குள் வைக்கப் போனாள்.

"நீ எடுத்துட்டுப் போ புள்ள. ஒன்னோடது."

ஷாமிலா பையை இழுத்துக்கொண்டாள். கோபமாக இழுக்கவில்லை.

"எனக்கு எதுக்கு அண்ணி. தனுவோட அளவுக்கு வெட்டித் தச்சிட்டேன். இனி எனக்குச் சேராது."

கால்மிதி வாசலில் கிடந்தது. சோலைமலை அகலமாகக் கால் வைத்து அதைத் தாண்டினான். ஷாமிலா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். கோயில் வளைவில் திரும்பும்வரை அழகம்மா அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே குடையில் போனார்கள்.

உள்ளே போன் அடித்தது. தனுஷிகா. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"மாமா வந்தாங்களாம்மா?"

"வந்துட்டுப் போறாங்க."

"அத்தை வந்திச்சா? என்ன கொண்டாந்தாங்க?"

"ரவிக்க."

"என்ன ரவிக்க?"

"ஒன் மாமன் சேலைக்கு. அது அவங்க முகூர்த்தச் சேலையாம்."

"ஐயோ அம்மா, நெசமாவா? சொல்லவே இல்ல பாரு அத்தை. நீ சேலய எடுத்துக் காத்தாட போடு. நலங்குக்கு முந்தி ஒரு தடவ நான் கட்டிப் பாக்கணும்."

சலவைக்குக் கொடுத்திருக்கிறேன் என்ற சொல் அழகம்மாவின் வாயில் தயாராக இருந்தது. வாசலைப் பார்த்தாள். கால்மிதியில் ராசம்மாவின் காலடி ஈரமாக இருந்தது.

"சேல இல்லடி."

"இல்லன்னா?"

"நான் வெட்டிட்டேன்."

மறுமுனையில் யாரோ சிங்களத்தில் பேசிச் சிரிப்பது கேட்டது. தனுஷிகா தங்கியிருந்த அறையில் வேறு பெண்களும் இருந்தார்கள். அவர்களுடைய சிரிப்பு நின்ற பிறகும் மகளின் குரல் வரவில்லை. அழகம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.